ரெண்டு சைக்கிளை ஒரே ஆளா கொண்டு வர நான் பண்ற வழி

அக்கா பையனோட சைக்கிளை தில்லைநகர்ல இருந்து ஸ்ரீரங்கம் கொண்டு வரணும், ஆட்டோக்காரர் கேட்ட காசு கட்டுப்படியாகல. இடது கையில அந்த வண்டிய பிடிச்சுக்கிட்டே ஓட்டலாம்தான், ஹேண்டில்பார் ஓரத்த பிடிக்காம நடுவுல ஸ்டெம்ம (ஹேண்டில்பார வண்டியோட சேர்க்கிற தண்டு) பிடிச்சா நேரா வரும், ஆனா நம்ம ஊர் சைக்கிள்ல இடது கைக்குத்தான் பின் பிரேக், அப்ப வலது கையில முன் பிரேக் மட்டும்தான் மிச்சம். காவேரிப் பாலத்துல பஸ் உரசிட்டு போறப்ப அது ரொம்ப ஆபத்துங்க.

அதனால அந்த சைக்கிளோட முன் சக்கரத்த கழட்டிட்டேன். பிரேக் கேபிளை லூஸ் பண்ணி, ரெண்டு நட்டையும் ஸ்பேனர்ல திருப்பினா வந்துரும். ஃபோர்க் (முன் சக்கரத்த பிடிச்சிருக்கிற ரெண்டு கால் கம்பி) நுனியில சக்கரத்தோட அச்சு உட்கார்ற பள்ளம் இருக்குல்ல, அத என் கேரியரோட கடைசி குறுக்குக் கம்பி மேல அப்படியே உட்கார வச்சு, பழைய ட்யூபை நீளமா கிழிச்சு நல்லா இழுத்து சுத்திக் கட்டினேன். கயிறு வேணாம், குலுங்க குலுங்க தளர்ந்துரும், ரப்பர் இழுத்துப் பிடிச்சுக்கும்.

இதுல அழகு என்னன்னா வளைவுல ஃபோர்க் தானா திரும்பி பின் வண்டி கூடவே வரும், நாம சாயறப்ப அதுவும் சாயும். ஸ்பீட் பிரேக்கர்ல மட்டும் மெதுவா போங்க, வண்டி நிக்கவும் கூடுதல் தூரம் எடுக்கும். கழட்டின சக்கரத்த பின் வண்டி கேரியர்லயே கட்டிரலாம், நட்டு ரெண்டையும் மறக்காம பாக்கெட்ல போட்டுக்கோங்க.