பனிப்போரைப் படிக்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஆடிய சதுரங்கத்தில் சின்ன நாடுகள் வெறும் காய்கள்.' பனிப்போர் பற்றிய காணொளி, போட்டித் தேர்வுக் குறிப்பு, நாளிதழ்க் கட்டுரை என்று எதை எடுத்தாலும் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொரியாவையோ அங்கோலாவையோ கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், காய்கள் தாமாகவே நகர்ந்திருப்பதும், சில நேரம் ஆடுபவரின் கையையே பிடித்து இழுத்திருப்பதும் தெரியும். மற்ற பல தவறுகள் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

கொரியாவிலிருந்து தொடங்கலாம். 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடையும் தறுவாயில், வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகள் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு 38-ஆவது அட்சரேகையைப் பிரிகோடாகத் தேர்ந்தெடுத்தார்கள். மாஸ்கோ ஒப்புக்கொண்டது. கொரியர்களை யாரும் கேட்கவில்லை. சரி, இதுவரை சதுரங்கக் கதை பொருந்துகிறது. அதற்குப் பிறகு பொருந்தவில்லை. தெற்கின் மீது படையெடுக்க அனுமதி வேண்டும் என்று 1949-லிருந்தே ஸ்டாலினை நச்சரித்தவர் வடகொரியத் தலைவர் கிம் இல் சுங். ஸ்டாலின் முதலில் மறுத்தார். 1950-இன் தொடக்கத்தில்தான் இசைந்தார். அதுவும் சீனாவின் மாவோ ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1990-களில் சோவியத் ஆவணங்கள் வெளியே வந்தபோது இது தெளிவானது. 'ஸ்டாலின் ஏவிவிட்டார்' என்று எழுதுவது அரைகுறை. 'கிம் தன்னிச்சையாகச் செய்தார்' என்பதும் அரைகுறைதான்: டாங்கிகளும் போர்த் திட்டமும் சோவியத்தினுடையவை. ஒருவருக்கு ஆசை, இன்னொருவருக்கு ஆயுதம். இரண்டும் சேராமல் 1950 ஜூன் 25 படையெடுப்பு நடந்திருக்காது.

தெற்கிலும் கதை இதேதான். அமெரிக்கா போர்நிறுத்தத்துக்குத் தயாரானபோது, அதன் தயவில் ஆட்சியிலிருந்த சிங்மன் ரீ தயாராக இல்லை. பேச்சுவார்த்தையைக் கெடுப்பதற்கென்றே 1953 ஜூனில் சுமார் 27,000 வடகொரியக் கைதிகளை முகாம்களிலிருந்து திறந்துவிட்டார். பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் தருவதாக வாக்குக் கொடுத்துத்தான் வாஷிங்டன் அவரைச் சமாதானப்படுத்த முடிந்தது. அப்போதும் போர்நிறுத்த உடன்படிக்கையில் தென்கொரியா கையெழுத்திடவில்லை. ஊர் திரும்ப மறுத்த போர்க்கைதிகளைக் காவல் காக்க ஜெனரல் திம்மையாவின் தலைமையில் இந்தியா போனபோது, இந்தியச் சிப்பாய்கள் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று ரீ அடம்பிடித்தார். அதனால் ஹெலிகாப்டரில் ஏற்றி ராணுவமற்ற மண்டலத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டியிருந்தது. எந்தப் பக்கமும் வேண்டாம் என்ற 88 கைதிகள் இந்தியப் படையோடு கப்பலேறி 1954-இல் சென்னையில் வந்து இறங்கினார்கள். உலகை இரண்டு அணிகளாக மட்டும் வரைந்த படத்தில் அந்த 88 பேருக்கு இடமே இல்லை.

அங்கோலா இன்னும் சுவாரசியம், ஆனால் தமிழில் இதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. 1974 ஏப்ரலில் போர்ச்சுகலில் நடந்த ராணுவப் புரட்சியோடு அதன் காலனிகள் விடுதலைக்குத் தயாராயின. அங்கோலாவில் மூன்று இயக்கங்கள்: அகோஸ்டின்யோ நெட்டோ என்ற தலைவரின் எம்.பி.எல்.ஏ., ராபர்ட்டோவின் எஃப்.என்.எல்.ஏ., சவிம்பியின் யுனிட்டா. இதில் எம்.பி.எல்.ஏ. பக்கம் சோவியத் ஒன்றியமும் கியூபாவும். எதிர்ப்பக்கம் அமெரிக்கா, நிறவெறி அரசு நடத்திய தென்னாப்பிரிக்கா, அவற்றோடு கம்யூனிஸ்ட் சீனா! இங்கேதான் 'முதலாளித்துவம் எதிர் கம்யூனிசம்' என்ற சூத்திரம் உடைகிறது. அடுத்த தவறு இன்னும் பரவலானது: 'மாஸ்கோ சொல்லி கியூபா படை அனுப்பியது.' 1975 நவம்பரில் தென்னாப்பிரிக்கப் படை தலைநகர் லுவாண்டாவை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, மாஸ்கோவிடம் கேட்காமலே சிப்பாய்களை அனுப்ப முடிவெடுத்தவர் கியூபத் தலைவர் காஸ்ட்ரோ. சோவியத் விமானங்கள் துணைக்கு வந்தது பிறகுதான்.

அதற்கும் மேல் ஒரு வேடிக்கை உண்டு. அங்கோலாவின் எண்ணெய் பெரும்பாலும் கபிண்டா மாகாணத்தில். அதை எடுத்தது கல்ஃப் என்ற அமெரிக்க நிறுவனம், பின்னாளில் செவ்ரான். அந்த நிறுவனம் கட்டிய பணத்தில்தான் ஆட்சியைப் பிடித்த எம்.பி.எல்.ஏ.வின் மார்க்சிய அரசின் கஜானா நிரம்பியது. அந்த எண்ணெய் வயல்களைக் காவல் காத்தவர்கள் கியூபச் சிப்பாய்கள். 1985-இல் அவற்றைத் தகர்க்க வந்து மாட்டிக்கொண்டவர்கள், யுனிட்டா பக்கம் நின்ற தென்னாப்பிரிக்காவின் சிறப்புப் படையினர். கொள்கை ஒரு பக்கம், வியாபாரம் இன்னொரு பக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தால் இது மறந்துபோகிறது.

யார் யார் பக்கம் என்பதை ஒரே அட்டவணையில் எழுதி மனப்பாடம் செய்வதும் ஆபத்து. 1977-இல் எத்தியோப்பியாவின் ஒகாடன் பகுதிக்குள் நுழைந்த சோமாலியா, மாஸ்கோவின் நண்பன். தன் பெர்பெரா துறைமுகத்தில் சோவியத் கடற்படைக்கு இடம் கொடுத்த நாடு. எத்தியோப்பியாவோ நெடுங்காலம் அமெரிக்க ஆயுதம் வாங்கியது. சில மாதங்களில் எல்லாம் தலைகீழ். மாஸ்கோ எத்தியோப்பியாவின் பக்கம் சாய்ந்தது, சோமாலியா சோவியத் ஆலோசகர்களை வெளியேற்றியது, 1980-இல் அதே பெர்பெரா அமெரிக்கர்களுக்குத் திறந்தது. ஆண்டைச் சொல்லாமல் 'சோவியத் ஆதரவு சோமாலியா' என்று எழுதினால் அதில் பொருளே இல்லை.

சீனாவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1969-இல் எல்லையிலுள்ள உசூரி ஆற்றுத் தீவில் சீனாவும் சோவியத்தும் சுட்டுக்கொண்டன. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் போனார். 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாமுக்குள் படையோடு புகுந்தது. 'கம்யூனிஸ்ட் முகாம்' என்று ஒரே சொல்லில் இவற்றை எல்லாம் மூட முடியாது.

இரு வல்லரசு அணிகளிலும் சேராத நாடுகளின் அணிசேரா இயக்கம் பற்றிய தவறு நம் மாணவர்களிடம் மிக அதிகம். அது 1955-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் மாநாட்டில் பிறக்கவில்லை. பாண்டுங்கில் கூடியவை 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள். அவற்றில் பாகிஸ்தான், துருக்கி, பிலிப்பைன்ஸ் போன்றவை அமெரிக்கக் கூட்டணிகளில் இருந்தவை, சீனாவும் வந்திருந்தது. இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான யூகோஸ்லாவியாவின் டிட்டோ அங்கே இல்லை. இயக்கத்தின் முதல் மாநாடு 1961 செப்டம்பரில் யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடில். பாண்டுங் அதற்கு ஊக்கம் என்று சொன்னால் சரி, தொடக்கம் என்று சொன்னால் தவறு. அப்புறம், அணிசேராமை என்றால் யாரிடமும் எதையும் வாங்காமல் இருப்பது என்று ஒரு நினைப்பு. 1962 நவம்பரில் சீனப் படை இறங்கி வந்தபோது நேரு அமெரிக்க அதிபர் கென்னடியிடம் போர் விமானங்கள் கேட்டார். 1971 ஆகஸ்டில் இந்திரா காந்தியின் அரசு மாஸ்கோவோடு ஒப்பந்தம் போட்டது. இரண்டையும் அந்தந்த நேரத்து ஆபத்தோடு சேர்த்துப் படித்தால்தான் புரியும்.

அதே 1962-இல், சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்ததால் எழுந்த கியூப ஏவுகணை நெருக்கடியை '13 நாளில் கென்னடி மிரட்ட, சோவியத் தலைவர் குருஷேவ் பணிந்தார்' என்று முடித்துவிடுகிறார்கள். துருக்கியிலிருந்த அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகளை அகற்றுவதாக, அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தோப்ரினினிடம் அக்டோபர் 27 இரவு ரகசியமாக உறுதி கொடுத்தார். அடுத்த ஏப்ரலில் அவை போயும்விட்டன. வெளியே சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. அதனால்தான் அத்தனை ஆண்டுகள் 'பணிந்தார்' கதை நின்றது. காஸ்ட்ரோவை யாரும் கலந்துகொள்ளவில்லை. ஆத்திரத்தில் அவர் ஐ.நா. ஆய்வாளர்களை உள்ளே விட மறுத்தார். அவரைச் சமாதானம் செய்ய ஹவானா போன சோவியத் தலைவர்களில் ஒருவரான மிக்கோயான், மாஸ்கோவில் மனைவி இறந்த செய்தி வந்த பிறகும் ஊர் திரும்பாமல் பேச்சைத் தொடர்ந்தார். குறுகிய தூர அணு ஆயுதங்கள் கியூபாவிலேயே இருந்ததும், அவை திரும்பப் போனதும் அமெரிக்காவுக்கு அப்போது தெரியாது; முப்பது ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. கடல் முற்றுகை நீங்கியதே நவம்பர் 20-இல். 13 நாள் என்பது வாஷிங்டனின் கடிகாரம்.

ஆப்கானிஸ்தானுக்கு வந்தால் 'தாலிபானை உருவாக்கியது அமெரிக்கா' என்ற ஒற்றை வரி காத்திருக்கும். 1980-களில் அமெரிக்கப் பணமும் ஆயுதமும் பாகிஸ்தானின் உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ. வழியாக, ஆப்கானிஸ்தானில் சோவியத் படையை எதிர்த்துப் போரிட்ட, பெஷாவரில் இருந்த ஏழு முஜாஹிதீன் கட்சிகளுக்குப் போயின. யாருக்கு எவ்வளவு என்று தீர்மானித்தது பெரும்பாலும் ஐ.எஸ்.ஐ.; அதிகம் பெற்றவர் அந்தக் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஹெக்மத்யார். தாலிபான் கந்தஹாரில் தலையெடுத்தது 1994-இல். பழைய முஜாஹிதீன்கள் பலர் அதில் சேர்ந்தார்கள், பழைய ஆயுதங்கள் கைமாறின, உண்மை. ஆனால் ஹெக்மத்யாரும் இன்னொரு முஜாஹிதீன் தளபதியான மசூதும் தாலிபானை எதிர்த்துப் போரிட்டவர்கள். இடையிலுள்ள ஐந்தாறு ஆண்டு உள்நாட்டுச் சண்டையை விழுங்கிவிட்டால் காபூலுக்கு என்ன நேர்ந்தது என்பதே விளங்காது.

இன்னொன்று: 1989 பிப்ரவரியில் கடைசி சோவியத் சிப்பாய் எல்லை ஆற்றைக் கடந்ததும், மாஸ்கோ ஆதரவில் ஆண்ட ஆப்கான் அதிபர் நஜிபுல்லா விழவில்லை. மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தார். 1992 தொடக்கத்தில் மாஸ்கோவிலிருந்து எரிபொருளும் பணமும் நின்ற பிறகு, தன் தளபதி தோஸ்தம் கட்சி மாறியதில்தான் வீழ்ந்தார்.

ஆகவே, சோவியத் ஒன்றியம் கலைந்த 1991 டிசம்பரோடு எல்லாம் முடிந்தது என்று கோடு கிழிப்பதிலும் நிதானம் தேவை. பனிப்போர் தணிந்ததோடு சில இடங்களில் சண்டை ஓய்ந்தது உண்மைதான்: 1988 டிசம்பரில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பலனாக 1990 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவின் பிடியிலிருந்த நமீபியா விடுதலை பெற்றது. ஆனால் கியூபர்கள் போன பிறகும் அங்கோலாவின் உள்நாட்டுப் போர் நிற்கவில்லை. யுனிட்டாவுக்கு வாஷிங்டனின் பணம் நின்றபோது வைரம் கைகொடுத்தது. 2002 பிப்ரவரியில் சவிம்பி கொல்லப்பட்டு, ஏப்ரலில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகுதான் துப்பாக்கிகள் ஓய்ந்தன.