டிஜிட்டல் விளம்பரப் பலகையின் வெளிச்சம்: அளப்பதிலும் குறைப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டிஜிட்டல் விளம்பரப் பலகை இரவில் கண்ணைக் கூசவைக்கிறது என்று குடியிருப்பவர்கள் புகார் கொடுத்தால், அதை நடத்துபவர்களிடமிருந்து வழக்கமாக வரும் பதில், "பிரைட்னஸை 20 சதவீதமாகக் குறைத்துவிட்டோம்" என்பதுதான். எதில் 20 சதவீதம் என்று அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. உச்சி வெயிலிலும் படம் தெரிய வேண்டும் என்பதற்காக, தெருவோர எல்இடி திரைகள் பொதுவாக 5,000 முதல் 10,000 நிட் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) வரை ஒளிரும்படி தயாரிக்கப்படுகின்றன. உச்ச அளவு 7,000 நிட் கொண்ட திரையை 20 சதவீதத்தில் வைத்தால் அது 1,400 நிட்டில் எரிந்துகொண்டிருக்கும். பெரிய பலகைகளுக்கு இரவு நேர வரம்பாகப் பல இடங்களில் எடுத்துக்கொள்ளப்படும் 300 நிட்டை விட இது நாலரை மடங்குக்கும் அதிகம். அந்த வரம்புக்குள் வர வேண்டுமானால் கன்ட்ரோலரில் ஏறக்குறைய 4 சதவீதத்துக்கு இறங்க வேண்டியிருக்கும். ஆகவே சதவீதத்தை அளவாக எடுத்துக்கொள்வதே முதல் தவறு, என் கணிப்பில் மிகப் பெரிய தவறும் அதுவே.

அடுத்த குழப்பம் நிட்டுக்கும் லக்ஸுக்கும் இடையில் நேர்வது. திரையின் பரப்பு எவ்வளவு ஒளிர்கிறது என்பதை நிட் சொல்கிறது. அந்த ஒளி ஓரிடத்தில், சன்னலிலோ சாலையில் வருபவரின் கண்ணிலோ, எவ்வளவு வந்து விழுகிறது என்பதை லக்ஸ் சொல்கிறது. முழுநிலவின் முகம் சில ஆயிரம் நிட் ஒளிர்வு உடையது. ஆனால் வானத்தில் அதன் அகலம் வெறும் அரை டிகிரி என்பதால் தரையில் விழும் வெளிச்சம் கால் லக்ஸை ஒட்டியே இருக்கிறது. தள்ளிப்போகப் போக நிட் மாறுவதில்லை, லக்ஸோ தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டே வரும். எனவே எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வளவு பெரிய பலகையை அளந்தோம் என்று குறிப்பிடாமல் லக்ஸ் கணக்கை மட்டும் எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

அமெரிக்காவின் வெளிப்புற விளம்பர நிறுவனங்களுடைய சங்கம் பரிந்துரைக்கும் முறையைப் பார்த்தால் இது தெளிவாகும். ஒளியியல் பொறியாளர் இயன் லெவின் 2008இல் அச்சங்கத்துக்காகத் தயாரித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்ட அந்த முறைப்படி, சுற்றுப்புற வெளிச்சத்துக்கு மேல் பலகை கூடுதலாகச் சேர்க்கும் வெளிச்சம் 0.3 ஃபுட்-கேண்டிலை, அதாவது 3.2 லக்ஸை, தாண்டக் கூடாது. 14 அடி உயரமும் 48 அடி நீளமும் கொண்ட நெடுஞ்சாலைப் பலகைக்கு இதை 250 அடி தொலைவிலிருந்து அளக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது திரை முழுவதும் வெண்மையாக இருக்கையில் 300 நிட்டுக்குச் சமமாகிறது. ஆனால் அளப்பவர் இடம் கிடைக்கவில்லை என்று 500 அடிக்குப் போய் நின்றால், 1,200 நிட்டில் எரியும் பலகையும் அதே 3.2 லக்ஸைக் காட்டித் தேறிவிடும். 125 அடிக்கு நெருங்கி வந்தால் ஒழுங்காக நடக்கும் பலகையும் ஏறத்தாழ நாலு மடங்கு காட்டி மாட்டிக்கொள்ளும். விதியில் உள்ள 0.3 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதோடு சேர்ந்த தொலைவு அட்டவணையை விட்டுவிடுபவர்களுக்கு இதுதான் நேர்கிறது.

இந்த முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தெருவிளக்குகள் ஏற்கெனவே 15 அல்லது 20 லக்ஸ் தரும் சாலையில், அதன்மேல் வந்து சேரும் 3 லக்ஸைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு லக்ஸ் வரை மட்டுமே பிரித்துக் காட்டும் மலிவான மீட்டரால் இது ஆகாது. பலகையை அணைத்தோ கறுப்பாக்கியோ ஒரு முறையும், முழு வெண்மையில் ஒரு முறையும், மீட்டரை நகர்த்தாமல் அடுத்தடுத்து அளந்து வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும்; இடையில் ஒரு லாரியின் ஹெட்லைட் மீட்டரின் மேல் விழுந்தால் அந்த அளவைத் தள்ளிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். வாகனங்கள் ஓயாமல் போகும் சாலையில் இதற்குப் பொறுமை தேவைப்படும்.

முழு வெண்மை என்று வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தை அப்படியே அளப்பது மிகவும் பரவலான தவறு. கருநீலப் பின்னணியில் ஒரு வைர அட்டிகை மட்டும் மின்னும் நகைக்கடை விளம்பரம் ஓடும் நேரத்தில் அதிகாரி வந்து அளந்தால், எந்தப் பலகையும் தேறிவிடும். எட்டு நொடி கழித்து அதே திரையில் வெள்ளைப் பின்னணியோடு பால் பாக்கெட் விளம்பரம் வரும்போது, வெளிச்சம் பல மடங்காகத் துள்ளுகிறது. அந்தத் துள்ளலே ஓட்டுநரின் பார்வையைச் சாலையிலிருந்து இழுக்கக்கூடியது என்பதால், இரவு நேரத்துக்கு வெள்ளைப் பின்னணியைத் தவிர்த்து வேறு வடிவமைப்பைத் தரும்படி விளம்பரம் கொடுப்பவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குவது நல்லது. மீட்டரைத் தொடாமலேயே கிடைக்கும் பயன் இது. ஆனாலும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

செல்பேசிப் படத்தை ஆதாரமாகக் காட்டுவதும், செல்பேசிச் செயலியால் அளப்பதும் வேண்டாம். கேமரா தானாகவே ஒளியைக் கூட்டிக் குறைத்துக்கொள்வதால், அடக்கமான பலகையையும் அது எரிமலைபோல் காட்டும். நிட்டை நேரடியாக அளக்கத் தொலைநோக்கி போன்ற குழாய் கொண்ட தனி மீட்டர் உண்டு. அதன் பார்வைக் கோணம் ஒரு டிகிரி என்றால், 100 மீட்டர் தொலைவில் அது சுமார் 1.75 மீட்டர் அகலமுள்ள வட்டத்தைப் பார்க்கும். அந்த வட்டம் முழுவதும் திரைக்குள் அடங்க வேண்டும். மிக அருகில் போய் அளந்தாலும் தவறுதான், ஏனென்றால் சில பிக்சல்களும் அவற்றுக்கு இடையிலுள்ள கறுப்பு இடைவெளியும் மட்டுமே வட்டத்துக்குள் விழுந்து, கை சற்று அசைந்தாலே அளவு மாறிவிடும்.

ஓரூரின் வரம்பை இன்னோர் ஊருக்கு அப்படியே தூக்கிவருவதும் சரியல்ல. பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையமான சிஐஇ 2003இல் வெளியிட்ட வழிகாட்டி, விளம்பரப் பலகைகளுக்கு இயற்கையான இருள் நிலவும் பகுதிகளில் 50 நிட் என்றும், வெளிச்சம் மிகுந்த நகர மையங்களில் 1,000 நிட் என்றும் இடத்துக்கு ஏற்ப வரம்பைப் பிரிக்கிறது. வானியல் ஆய்வகங்கள் நிறைந்த அரிசோனாவில் 2012இல் டிஜிட்டல் பலகைகளுக்கான சட்டம் வந்தபோது, இரவில் 300 நிட் என்ற வரம்போடு, மாநிலத்தின் எந்தப் பகுதிகளில் பலகை வைக்கலாம் என்பதையும் சேர்த்தே வரையறுத்தார்கள்.

வெளிச்சத்தைக் கடிகாரத்தை மட்டும் நம்பிக் குறைப்பவர்கள் அதிகம். சென்னையில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் மாலை 5.40க்கும் 6.40க்கும் இடையில்தான் நகர்கிறது என்பதால் இங்கே ஓரளவு சமாளிக்கலாம்; டிசம்பரில் மாலை 4 மணிக்குள்ளும் ஜூனில் இரவு 9.20க்கும் இருட்டத் தொடங்கும் லண்டனில் நிலையான நேரம் எதுவும் உதவாது. சென்னையிலும்கூட வடகிழக்குப் பருவமழையில் பிற்பகல் மூன்று மணிக்கே வானம் மூடிக்கொண்டால், கடிகாரத்துக்கு அது தெரியாது. ஆகவே ஒளி சென்சார் வேண்டும். அதுவும் திரையின் சொந்த வெளிச்சம் படாத இடத்தில் வேண்டும். பட்டால், திரை ஒளிர ஒளிர இன்னும் பகல்தான் என்று சென்சார் நினைத்துக்கொண்டு வெளிச்சத்தை மேலும் ஏற்றும்.

இரவில் வெளிச்சத்தைக் குறைக்கத் தயங்குவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு, அதைப் பலர் வெளியே சொல்வதில்லை. எல்இடியை மிக வேகமாக அணைத்து எரியவிடுவதன் மூலமே வெளிச்சம் குறைக்கப்படுகிறது. மலிவான சில்லுகள் கொண்ட திரையில் 4 சதவீதத்துக்கு இறங்கும்போது, 256 படிகளாக இருந்த நிறச்சாயல் பத்துப் படிகளாகச் சுருங்கி, முகங்கள் திட்டுத்திட்டாகத் தெரியும். விளம்பரதாரர் முகம் சுளிப்பார். உடனே வெளிச்சம் மேலே ஏற்றப்படும். திரையை வாங்கும்போதே, குறைந்த வெளிச்சத்தில் அதன் சாயல் எப்படி இருக்கிறது என்பதை இரவில் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்ப்பதுதான் இதற்கு வழி. பழுதான மாட்யூலை, அதாவது திரையைச் சேர்ந்து உருவாக்கும் சிறு பலகைகளில் ஒன்றை, மாற்றிய பிறகும் இதே சிக்கல் வரும்: புதிய மாட்யூல் பழையவற்றை விட அதிகமாக ஒளிரும்போது, புதியதைக் குறைத்துச் சரிசெய்யாமல் மொத்தத் திரையையும் ஏற்றிவிடுகிறார்கள்.

சென்சார் பழுதாகும் நாளும் வரும். தூசியோ பறவை எச்சமோ அதன் கண்ணை மறைக்கும், அல்லது ஒயர் அறுந்துபோகும். அப்போது திரை என்ன செய்ய வேண்டும் என்பதைக் கன்ட்ரோலரில் முன்பே எழுதிவைக்க வேண்டும், இரவு அளவுக்கே இறங்க வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும். பகலில் படம் மங்கினால் விளம்பரதாரரே அரை மணி நேரத்தில் போன் செய்து சொல்லிவிடுவார். நள்ளிரவில் 7,000 நிட்டில் எரிந்தால், எதிர்வீட்டுக்காரர் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் சன்னலில் போர்வையை மாட்டிவிட்டுப் படுத்துக்கொள்வார்.