பாரசிட்டமாலுக்குப் பேரேடு எழுதுவது எப்படி

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பினாங்கில் லேவாதேவிக் கடையில் கணக்கு எழுதியவர். காரைக்குடி வீட்டின் இரண்டாங்கட்டில் அவருடைய பேரேடுகள் இன்னும் கிடக்கின்றன. ஒரு மருந்து உடலுக்குள் எப்படி வந்து, பரவி, வெளியேறுகிறது என்று கணக்கிட, மருந்தியல் வகுப்பில் நான் துணைக்கு அழைப்பது அந்தப் பேரேட்டைத்தான். வகைக்கெழுச் சமன்பாடு என்றதும் முகம் சுருங்குகிற பிள்ளைகள், வரவு, செலவு, இருப்பு என்றால் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

சரி, எக்செல்லைத் திறந்துகொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 650 மி.கி. பாரசிட்டமால் ஒன்று விழுங்குகிறார். விழுங்கியது முழுதும் இரத்தத்துக்கு வந்து சேராது. வழியிலேயே கல்லீரல் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். 0.85 பங்கு தப்பிவருவதாக வைத்தால் குடலில் தொடக்க வரவாக எழுத வேண்டியது 552.5 மி.கி. அரை ஆயுள், அதாவது உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், 2.5 மணி என்று கொள்வோம். 0.693ஐ (2இன் இயல் மடக்கை) அதனால் வகுத்தால் வெளியேறும் வேகம் மணிக்கு 0.277. குடலிலிருந்து உறிஞ்சும் வேகம் மணிக்கு 2. பரவல் கொள்ளளவு, அதாவது உடலில் உள்ள மருந்தை இரத்தத்தில் அதன் செறிவால் வகுத்தால் வரும் எண், கிலோவுக்கு 0.9 லிட்டர், ஆக 54 லிட்டர்.

ஐந்து பத்திகள் போதும்: நேரம், குடல் இருப்பு, உடல் இருப்பு, வெளியேறியது, செறிவு. நேரத்தை 0.1 மணியாக, அதாவது 6 நிமிடமாக, ஏற்றுங்கள். ஒவ்வொரு வரியிலும் முந்தைய குடல் இருப்பை 2ஆலும் 0.1ஆலும் பெருக்கினால் வருவது குடலுக்குச் செலவு, உடலுக்கு வரவு. முந்தைய உடல் இருப்பை 0.277ஆலும் 0.1ஆலும் பெருக்கினால் உடலின் செலவு. முதல் 6 நிமிடத்தில் குடலில் 442, உடலில் 110.5. பன்னிரண்டாவது நிமிடத்தில் 353.6, 195.8, வெளியேறியது 3.1. உடல் இருப்பை 54ஆல் வகுத்தால் செறிவு.

முதன்முதலில் இதைப் போட்டபோது, வரிகள் குறையட்டும் என்று ஒரு மணிக்கு ஒரு வரி வைத்தேன். இரண்டாவது வரியிலேயே குடலில் மைனஸ் 552.5 மி.கி. இருப்பு! கையில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கைச் செலவு எழுதியிருக்கிறேன். சூத்திரத்தில் தவறில்லை, வரிக்கு வரி தாண்டும் நேரம்தான் அதிகம். 0.1 மணியில் உச்சம் லிட்டருக்கு 7.7 மி.கி. வருகிறது, 0.05இல் 7.6. அவ்வளவுதான் வித்தியாசம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம் ஐந்தொகை. குடல், உடல், வெளியேறியது மூன்றையும் எந்த வரியில் கூட்டினாலும் 552.5 வர வேண்டும். வராவிட்டால் வரைபடம் எவ்வளவு அழகாக வளைந்தாலும் நம்பாதீர்கள்.

பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் பரவல் கொள்ளளவு. 60 கிலோ உடம்பில் தண்ணீரே சுமார் 36 லிட்டர்தான், 54 எங்கிருந்து வந்தது? டிகாக்சின் என்ற இதய மருந்துக்கு இது 400 லிட்டரைத் தாண்டும் என்றால் சிரிப்பார்கள். பெட்டியில் உள்ள ரொக்கத்தை மட்டும் எண்ணிக் கடையின் மூலதனத்தை மதிப்பிடுவதுபோல்தான் இது. பணம் வட்டிக்கு வெளியே போயிருக்கிறது. டிகாக்சின் தசையில் போய் ஒட்டிக்கொள்வதால் இரத்தத்தில் கொஞ்சம்தான் தெரியும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் நேர்மாறு. இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டியை விட்டு நகராது, அதன் கொள்ளளவு 10 லிட்டருக்குள். ஆகவே இந்த லிட்டர் எந்தப் பாத்திரத்தின் அளவும் அல்ல, வகுத்தால் கிடைக்கும் எண், அவ்வளவே.

இப்போது உறிஞ்சும் வேகத்தை 2இலிருந்து 0.7 ஆக்கிப் பாருங்கள். கல்யாணப் பந்தியில் வெள்ளைப் பணியாரத்தில் தொடங்கி வயிறு முட்டச் சாப்பிட்டபின் போட்ட மாத்திரை இது. இரைப்பை மெதுவாகக் காலியாகும், மருந்தும் மெதுவாக வரும். உச்சம் ஒரு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணிக்குத் தள்ளிப்போகும், அளவும் 5.7தான். தலைவலி ஏன் இன்னும் போகவில்லை என்று அடுத்த மாத்திரையைத் தேடுகிறவர்களுக்கு நேரத்துக்கு எதிரே செறிவை வரைந்த இந்த வளைகோட்டைத்தான் காட்டுவேன். கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு மட்டும் மாறாது. வந்து சேரும் மொத்தம் அதேதான். (இது படிப்பதற்கான கணக்கு. யாருக்கும் மருந்தளவு சொல்ல இதை எடுக்காதீர்கள்.)

உடல் முழுவதையும் ஒரே கட்டாக வைத்த வீட்டுக்கு இவ்வளவு. கல்லீரல், மூளை, கொழுப்பு என்று ஆளுக்கொரு கட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி போட்டு, இரத்த ஓட்டத்தால் இணைக்கலாம். கல்லீரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 1.5 லிட்டர் இரத்தம் போகிறது. கொழுப்புக்கு அதில் சிறு பங்குதான், அதனால் அது மெதுவாக நிரம்பி மெதுவாகக் காலியாகும். டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகள் கொழுப்பில் கரைந்து வருடக்கணக்கில் அங்கே தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். சுவீடனின் டோர்ஸ்டன் தியோரல் 1937இலேயே இந்தக் கட்டுகளைச் சமன்பாடாக எழுதிவிட்டார், எக்செல் இல்லாமல்.

பாரசிட்டமால் சரியாக வந்துவிட்டால் சாராயத்தைப் போட்டுப் பாருங்கள். ஒத்துவராது. அதை உடைக்கும் நொதி சீக்கிரம் நிறைந்துவிடுவதால், எவ்வளவு இருந்தாலும் மணிக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் போகும். உடலின் செலவுப் பத்தியில் பெருக்கலை எடுத்துவிட்டு நிலையான ஒரு தொகையை வைக்க வேண்டும். இருப்பு தீர்ந்தபின்னும் அது செலவு எழுதிக்கொண்டே போகாமல் ஒரு நிபந்தனையும் சேருங்கள், இல்லையென்றால் மறுபடி மைனஸ்.