கடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்: குடிபோகும் முன் செய்யும் தவறுகள்

கடற்கரையிலேயே வீடு எடுக்கக் கட்டுப்படியாகவில்லை, சரி, 15, 20 கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில் இருந்துகொள்வோம், நினைத்தபோது கடலுக்குப் போய்வரலாம் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். மோசமான கணக்கு இல்லை. ஆனால் வீடு பார்க்கும்போது மனதில் கடல் இருக்கிறது, குடியேறிய பிறகு வாழ வேண்டியதோ அந்த ஊரில். குடியேறிய புதிதில் வாராவாரம் கடலுக்குப் போவீர்கள், அப்புறம் விருந்தாளி வந்தால்தான்.

முதலில் காற்று. கடற்காற்று வீட்டுக்குள் வந்து வீசும் என்று நம்பி யாரும் முன்பணம் கொடுக்க வேண்டாம். வெயிலில் நிலம் சூடேறி அதன் மேலிருக்கும் காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று வருகிறது. அது உள்ளே நகர்ந்து வர நேரமாகும், வரவர வலுவும் குறையும். கரையில் முற்பகலிலேயே வீசத் தொடங்குகிற காற்று உங்கள் ஊருக்கு வரும்போது உச்சி வெயில் தாண்டியிருக்கும், நடுவில் மலை இருந்தால் வராமலே போகலாம். ஒரு லாபம் உண்டு: அலையிலிருந்து தெறிக்கும் உப்பில் பெரும்பகுதி கரையை ஒட்டியே படிந்துவிடும், அதனால் ஜன்னல் கம்பியும் ஏசியும் அங்கே போல சீக்கிரம் துருப்பிடிக்காது.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு வெள்ளத்தைப் பற்றியது. "கடல் இவ்வளவு தூரம், இங்கே எப்படித் தண்ணீர் வரும்?" என்று கேட்பார்கள். தூரத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். கடலோரச் சமவெளியில் 20 கிலோமீட்டர் உள்ளே போனாலும் நிலம் சில மீட்டர்தான் ஏறியிருக்கலாம். புயல் கரையைக் கடந்ததும் காற்றின் வேகம் குறையும், மழை குறைந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 2017ல் ஹார்வி சூறாவளி டெக்சஸில் கரையேறிய பிறகு அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டு நின்றது, சில இடங்களில் 1,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கடல் ஊருக்குள் வராவிட்டாலும், பெருமழையோடு கடல் ஏற்றமும் சேர்ந்துவிட்டால் ஆற்றுத் தண்ணீர் முகத்துவாரத்தில் வடிய வழியில்லாமல் பின்னால் ஏறும். அந்தப் பின்னால் இருப்பது உங்கள் தெருவாக இருக்கலாம்.

இதற்கு உயர வரைபடம் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒரு பெருமழைக்கு மறுநாள் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். சுவரில் பழைய தண்ணீர்க் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பழைய வீடுகள் மட்டும் ஏன் இத்தனை படி ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள், இந்த மனை முன்னால் வயலா, குளமா? விற்கிறவரிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டு வயதானவரிடம் கேளுங்கள். காப்பீட்டில் வெள்ளம் அடங்குமா என்பதையும் தனியாகக் கேட்டுவிடுங்கள், சில நாடுகளில் அதற்குத் தனி பாலிசி எடுக்க வேண்டும்.

அடுத்தது கிணறு, போர் தண்ணீர். ஒரு வாய் குடித்துப் பார்த்து "நல்லா இருக்கே" என்று முடிவு செய்கிறார்கள், அதுவும் மழைக்காலம் முடிந்த கையோடு. கடலோர நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது ஒரு பழைய கணக்கு. அப்படியென்றால் மேலே 1 மீட்டர் இறங்கும் அளவுக்கு ஊரே உறிஞ்சினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கோடைக் கடைசியில் மாதிரி எடுத்துக் கொடுத்துச் சோதியுங்கள். குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் பொதுவாக நாக்குக்கே தெரியத் தொடங்கும்.

விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் தவறுதான். அன்றைக்கு எல்லா ஊரும் அழகு. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு போங்கள், மருந்துக்கடை திறந்திருக்கிறதா, கடைசிப் பஸ் எப்போது, வீட்டுக்குள் போன் சிக்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். கடற்கரைக்குப் போகும் ஒரே சாலை ஊர் நடுவில் போகிறதென்றால் சனி ஞாயிறில் பால் வாங்கக்கூட வண்டியை எடுக்க முடியாது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், ராத்திரியிலும் சிடி ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதுதான் முதல் கேள்வி. பக்கவாதத்தில் ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகுதான்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஊர் பிடித்திருந்தால் போங்கள், ஆனால் இருக்கிற வீட்டை விற்காமல், அங்கே வாடகைக்குப் போங்கள். 6 மாத ஒப்பந்தம் போதும் என்று வீட்டுக்காரர் சொன்னால் ஒரு வருடமாகக் கேளுங்கள், மழையும் கோடையும் இரண்டும் அதில் வந்தாக வேண்டும்.