பாட்டா எந்தப் பட்டாளம்? குமரி மாவட்டத்தில் பழைய ராணுவப் பணியையும் பென்ஷனையும் தேடும் முறை

கல்குளம், விளவங்கோடு பக்கம் பல ஊர்களில் “பட்டாளத்துக்காரர் வீடு” என்று ஒன்று இருக்கும். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளிடம் பாட்டா எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம் சேர்ந்தார், பென்ஷன் வாங்கினாரா என்று கேட்டுப் பாருங்கள். “பர்மாவில் சண்டை போட்டாராம்” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

தேடலுக்கு இரண்டு விவரம் வேண்டும். அவர் எந்த அரசின் பட்டாளத்தில் இருந்தார்? அவருடைய நம்பர் என்ன? பெயரை வைத்துத் தேடுவது கடைசி வழி. ராணுவத்தில் எல்லாக் காகிதமும் நம்பரைத்தான் பின்தொடரும்.

1. முதலில் வீட்டைத் தேடுங்கள்

டிரங்குப் பெட்டி, பழைய பைபிளின் உள்பக்கம், ஆதாரக்கட்டு (நிலப்பத்திரக் கட்டு), சுவரில் தொங்கும் போட்டோவின் பின்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். கிடைக்க வேண்டிய முதல் பொருள் டிஸ்சார்ஜ் புத்தகம். அதில் நம்பர், ரேங்க், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, வெளியே வந்த காரணம் எல்லாம் இருக்கும்.

அது இல்லையென்றால் மெடல். பல மெடல்களின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருப்பார்கள். களிம்பு பிடித்திருந்தால் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்தும் சேர்ந்து போய்விடும். சாய்வான வெளிச்சத்தில் வைத்து மொபைலில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கினாலே படிக்க வரும்.

பழைய கடிதங்களும் உதவும். முகவரியில் ஊருக்குப் பதில் “56 ஏ.பி.ஓ.” அல்லது “99 ஏ.பி.ஓ.” என்று ராணுவத் தபால் நிலைய எண் மட்டும் இருந்தால் ஊர் தெரியாது, ஆனால் அதற்கு மேல் வரியில் யூனிட்டின் பெயர் இருக்கும். போட்டோவில் தொப்பி வில்லையைக் கவனியுங்கள். யானையும் குறுக்கே இரண்டு வாளும் தெரிந்தால் மெட்ராஸ் ரெஜிமென்ட். ரேங்க் பெயரும் காலத்தைச் சொல்லும்: “ஜமேதார்” என்ற பதவிப் பெயர் 1965-ல் “நாயப் சுபேதார்” என்று மாறியது. ஆக, ஜமேதாராகவே வெளியே வந்தவர் அதற்கு முந்தியவர்.

இன்னொன்று: சிப்பாயாகச் சேர்ந்து ஜூனியர் கமிஷண்ட் ஆபீசராக (நாயப் சுபேதார், சுபேதார் போன்ற பதவி) உயர்ந்தவருக்கு “ஜே.சி.” என்று தொடங்கும் புது நம்பர் கொடுப்பார்கள். வீட்டில் இரண்டு நம்பர் கிடைத்தால் குழம்ப வேண்டாம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. எந்த அரசின் பட்டாளம்?

மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இல்லாத சிக்கல் நமக்கு இங்கேதான். 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இல்லை. முதலில் திருவிதாங்கூர், 1949 முதல் திருவிதாங்கூர்–கொச்சி. அதனால் அந்தக் காலத்துக் காகிதத்துக்கு சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ரயில் ஏறாதீர்கள். திருவனந்தபுரத்தில் உள்ள கேரள மாநில ஆவணக் காப்பகத்தில்தான் தொடங்க வேண்டும்.

பாட்டா “மகாராஜா பட்டாளத்தில்” இருந்தார் என்றால் அது திருவிதாங்கூர் அரசின் சொந்தப் படை. அதன் வேர் நம் மாவட்டத்திலேயே, பத்மநாபபுரத்தில். 1704-ல் அங்கே அரண்மனைக் காவலுக்குத் திரட்டப்பட்டதாகச் சொல்லும் படைதான் நாயர் பட்டாளமாக வளர்ந்து, சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபின் மெட்ராஸ் ரெஜிமென்டின் 9-வது பட்டாலியன் ஆனது. திருவிதாங்கூரின் இன்னொரு படைப்பிரிவு 16-வது பட்டாலியன். 1741-ல் டச்சுக்காரர்களை வீழ்த்திய குளச்சல் போரை 9-வது பட்டாலியன் தன் வரலாறாகவே இன்றும் கொண்டாடுகிறது. சேர்ப்புக்குப் பிறகும் பணியில் இருந்தவரைப் பற்றி நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸுக்கு, அதாவது அதன் சர்வீஸ் கோப்புகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு, எழுதுங்கள். அதற்கு முன்பே வெளியே வந்தவருக்குத் திருவனந்தபுரம்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது நேராக பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சேர்ந்தவர் என்றால் வழி வேறு. அவர் இருந்த பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸைத் தேட வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை), பயோனியர் (உழைப்புப் படை), தெற்கு சப்ளை கோர் மூன்றுக்கும் பெங்களூரு, ஈ.எம்.ஈ.க்கு (வண்டி, கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவு) செகந்திராபாத், சிக்னல்ஸுக்கு (தகவல் தொடர்புப் பிரிவு) ஜபல்பூர், மெடிக்கல் கோருக்கு லக்னோ, பீரங்கிப்படைக்கு நாசிக் ரோடு. கடற்படை மாலுமி என்றால் மும்பை மான்குர்டில் உள்ள கமோடோர் பீரோ ஆஃப் செய்லர்ஸ். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க்.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-ல் வீழ்ந்தபோது சிறைப்பட்டு, பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவரா? அப்படியானால் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் தனியாக உண்டு. தியாகி பென்ஷன் வாங்கியிருந்தால் கலெக்டர் ஆபீஸிலும் கோப்பு இருந்திருக்கும்.

3. தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்

திருவிதாங்கூர் காகிதங்களில் கொல்லம் ஆண்டு என்னும் மலையாளக் காலக்கணக்குதான் வரும், பெரும்பாலும் மலையாள எழுத்தில். ஆண்டு தொடங்குவது சிங்ஙத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில். ஆங்கில ஆண்டு வேண்டுமென்றால் சிங்ஙம் முதல் தனு மாத நடு வரை, அதாவது டிசம்பர் முடிய, 824 கூட்டுங்கள்; அதன்பின் கடைசி மாதமான கர்க்கடகம் முடிய 825. 1117 சிங்ஙம் என்றால் 1941 ஆகஸ்ட். அதே 1117 மேடம் என்றால் 1942 ஏப்ரல்.

மலையாளம் படிக்கத் தெரியவில்லையென்றால் குழித்துறை, களியக்காவிளை பக்கம் பழைய பள்ளிக்கூடத்தில் படித்த பெரியவர்கள் யாரையாவது பிடியுங்கள். ஆப் மொழிபெயர்ப்பை நம்பி கையெழுத்துப் பிரதியில் இறங்குவது எனக்குச் சம்மதமில்லை.

4. ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுவது

கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நம்பர், ரேங்க், பெயர், தகப்பனார் பெயர், சேர்ந்த ஆண்டு, வெளியே வந்த ஆண்டு என்று வரிசையாகக் கொடுங்கள். முகவரியில் இன்றைய “கன்னியாகுமரி மாவட்டம்” மட்டும் போட்டால் போதாது. அவர் சேர்ந்த நாளில் எழுதிய முகவரி “இரணியல் தபால், கல்குளம் தாலுகா, திருவிதாங்கூர்” என்று இருந்திருக்கும், அதையும் எழுதுங்கள். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். யேசுவடியான் ‘ஜே’யிலும் தொடங்கலாம், ‘ஒய்’யிலும் தொடங்கலாம், எழுதிக்கொண்ட கிளார்க்கின் காதைப் பொறுத்தது. பிறந்த ஆண்டும் தகப்பனார் பெயரும் சந்தேகமாக இருந்தால் சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் சரிபாருங்கள். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் நகலெடுத்து இணையுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவரின் சர்வீஸ் கோப்பை 25 ஆண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. அதனால் “ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன” என்று ஒரு வரிப் பதில் வரும். அதோடு கதை முடிந்தது என்று கடிதத்தைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. கோப்பு அழிந்தாலும் “லாங் ரோல்” என்னும் பேரேடு அழிவதில்லை. அதில் ஒவ்வொருவருக்கும் சில வரிதான் இருக்கும்: நம்பர், பெயர், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, காரணம். நமக்கு வேண்டியதும் அதுதானே! ஆகையால் முதல் கடிதத்திலேயே “லாங் ரோலில் உள்ள பதிவின் நகல் வேண்டும்” என்று தனி வரியாகக் கேளுங்கள்.

பதிலே வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். போஸ்டல் ஆர்டராகவும் அனுப்பலாம், மத்திய அரசின் ஆர்.டி.ஐ. தளத்திலும் கட்டலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

5. திரும்பி வராதவர் என்றால்

போரில் இறந்தவரைத் தேடுவது, சொல்லப்போனால், எளிது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டாம் போருக்கு 1947 டிசம்பர் 31 வரை. பெயரோடு மல்லுக்கட்டாமல் கூடுதல் விவரப் பகுதியில் “திருவிதாங்கூர்” என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடிப் பாருங்கள். இன்னாரின் மகன், இன்ன ஊர் என்ற வரி பலருக்கு உண்டு. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் பர்மாவில் ரங்கூன் நினைவுச்சின்னத்திலும் சிங்கப்பூரில் கிராஞ்சியிலும் செதுக்கப்பட்டிருக்கின்றன.

6. பென்ஷன்

“பட்டாளத்தில் இருந்தார், அதனால் பென்ஷன் இருந்திருக்கும்” என்பது நம்மூரில் பரவலான நினைப்பு. சிப்பாய், நாயக், ஹவில்தாருக்கெல்லாம் பென்ஷன் கிடைக்கப் பொதுவாக 15 ஆண்டு சர்வீஸ் வேண்டும். போருக்காகச் சேர்ந்து போர் முடிந்ததும் அனுப்பப்பட்டவர்களுக்கு அந்தக் கணக்கு எட்டாது; கிராஜுவிட்டி என்னும் ஒருமுறைத் தொகையோடு வீடு வந்தார்கள். இப்படிப்பட்ட இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை கொடுக்கிறது. அந்த விவரம் நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கிடைக்கும். வயதான ஆச்சி உயிரோடு இருக்கிறார் என்றால் வம்சாவளி தேடுவதை ஒருபக்கம் வைத்துவிட்டு முதலில் அங்கே போங்கள்.

பென்ஷன் வாங்கியவர் என்றால் பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) நம்பர்தான் திறவுகோல். அது பழைய பாஸ்புக்கிலோ கருவூலச் சீட்டிலோ இருக்கும். ராணுவப் பென்ஷனுக்கான பி.பி.ஓ. அலகாபாத்தில், இப்போதைய பிரயாக்ராஜில், உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்திலிருந்து வரும். இப்போது இந்தப் பென்ஷன் வேலைகள் ‘ஸ்பர்ஷ்’ என்னும் பாதுகாப்புத் துறைப் பென்ஷன் இணையதளம் வழியாக நடக்கின்றன.

பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பென்ஷன் கிடையாது. மனைவிக்கு உண்டு, அவருக்குப் பின், பெற்றோரைச் சார்ந்திருந்த திருமணமாகாத, விதவையான அல்லது விவாகரத்தான மகளுக்கும், சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் விதிகளுக்குட்பட்டு வாய்ப்பு உண்டு. “பழைய அரியர் லட்சக்கணக்கில் இருக்கு, வாங்கித் தாரேன்” என்று முன்பணம் கேட்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தகுதியுள்ள மகள் வீட்டில் இருந்தால் நாகர்கோவில் அலுவலகம் வழியாகவே ரெக்கார்ட் ஆபீஸுக்கு விண்ணப்பிக்கலாம். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.