தையல் யூனிட் நடத்தும் விசுவாசிகளுக்கு: சனிக்கிழமைச் சம்பளத்தில் தொடங்குங்கள்

திருப்பூரில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சின்ன பவர் டேபிள் யூனிட் வைத்திருக்கிறோம். பெரிய கம்பெனி வெட்டிக் கொடுக்கிற துணியைத் தைத்து, பிசிர் வெட்டி, செக்கிங் முடித்துத் திருப்பிக் கொடுக்கிற ஜாப் ஒர்க். அவர் மிஷின் பக்கம் பார்த்துக்கொள்வார். கணக்கும் ஆட்களும் என் பொறுப்பு. சபையில் புதிதாக யூனிட் போடுகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, "ஏனுங்க்கா, தொழிலும் பண்ணிட்டு விசுவாசமாவும் இருக்க முடியுங்களா?" என்று கேட்பார்கள். முடியும். ஆனால் பலர் வசனத்தை ஃபிரேம் போட்டு மாட்டுவதில் தொடங்குகிறார்கள், யூனிட் பிரதிஷ்டைக்குப் பாஸ்டரை அழைப்பதில் தொடங்குகிறார்கள். இரண்டும் நல்லதுதான். நான் சொல்வது, சனிக்கிழமைச் சம்பளத்தில் தொடங்குங்கள்.

கூலிக்காரனுக்குப் பொழுது போவதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24-ஆம் அதிகாரம் சொல்கிறது. காரணமும் அங்கேயே இருக்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியை நம்பி இருக்கிறான். நம் ஊரில் வாரச் சம்பளம் என்பதால் சனிக்கிழமை சாயங்காலம்தான் நமக்கு அந்தப் பொழுது. அன்றைக்கு வாங்குகிற பணத்தில்தான் மளிகைக் கடைப் பாக்கி, வாரத் தவணை, ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம். ஒடிசாவிலிருந்து வந்த பையன் அன்றிரவே ஊருக்குப் பணம் போடுவான். "திங்கட்கிழமை வாங்கிக்க" என்று நாம் சொல்லிவிட்டால் ஒரு குடும்பத்தின் ஞாயிறு போச்சு. மறுநாள் காலையில் நாம் ஆலயத்தில் எந்த முகத்தோடு உட்கார்வது?

சிக்கல் என்னவென்றால், நமக்குப் பில் பணம் வர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதனால் பேங்கில் சம்பளத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்துவிடுங்கள். பில் பணம் விழுந்த அன்றைக்கே கூலிப் பங்கை அதற்கு மாற்றிவிட வேண்டும். நூல், ஊசி, கரண்ட் பில், மிஷின் தவணை எதற்கும் அதைத் தொடக் கூடாது. குறைந்தது நான்கு வாரச் சம்பளம் அதில் நிற்கிற வரைக்கும் பெரிய ஆர்டர் எடுக்காதீர்கள். "கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லி ஆர்டர் எடுத்துவிட்டு, ஆட்களைக் காக்க வைப்பதை நான் விசுவாசம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"தசமபாகம்தானே முதல்ல, அக்கா?" என்று உடனே கேட்பார்கள். ஆட்களுக்குச் சேர வேண்டியது நம் வருமானமே இல்லை. அதைக் கழித்த பிறகு நம் கையில் நிற்பதில்தான் பத்தில் ஒன்று. கொடுக்காத கூலியிலிருந்து எடுத்து வைக்கிற காணிக்கை யாருடைய காணிக்கை? யாக்கோபு 5:4-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய செவியில் விழுகிறது என்று இருக்கிறது.

இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்டுகிற யூனிட்டுக்கும் இதே கணக்குதான். இஎஸ்ஐக்கு ஆளின் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறோம், நம் பங்கு 3.25 சதவீதம். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பிடித்ததைக் கட்டாமல் கையில் புரட்டிக்கொண்டிருந்தால், அந்த மாதம் ஒருத்திக்குப் பிரசவமோ ஆபரேஷனோ வரும்போதுதான் அது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரியும்.

நமக்கு வர வேண்டியதைக் கேட்பதும் தப்பில்லை. சிறு தொழில்களுக்கென்று அரசு வைத்திருக்கிற உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். குறு, சிறு தொழில்களுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. நீதிபதியிடம் போய்ப் போய்க் கேட்ட விதவையைப் பற்றி இயேசு லூக்கா 18-இல் நல்லவிதமாகத்தான் பேசுகிறார்.

அடுத்தது பீஸ் கணக்கு. பண்டில் முடிந்ததும் டைலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எண்ணுங்கள், அவருடைய நோட்டிலும் நம் நோட்டிலும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்ற நீதிமொழியை நாம் மளிகைக் கடைக்காரருக்குச் சொன்னதாக நினைத்துக்கொள்கிறோம். நம் தராசு இந்த நோட்டுதான்.

டேமேஜ் பீஸ் வந்தால் பணம் பிடிப்பதற்கு முன்னால் துணியைப் பாருங்கள். "அக்கா, இது நான் பண்ணலைங்க" என்று டைலர் சொன்னால், அந்தப் பீஸை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். தையல் ஓரமாகவே வரிசையாகக் குண்டூசி முனை அளவு ஓட்டை தெரிந்தால், ஊசி முனை மழுங்கியிருக்கிறது அல்லது பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசி போடவில்லை. ஊசியைக் கழற்றி முனையை நகத்தின் மேல் ஓட்டினால் கீறும். ஊசியை மாற்ற வேண்டியது நாம்தான். அது டைலர் கணக்கில் வரக் கூடாது. தையலுக்கு எட்ட, துணியின் நடுவில் ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் நிட்டிங்கிலேயே வந்திருக்கும். சலானில் எழுதிக் கம்பெனிக்குத் திருப்ப வேண்டும். ஓரம் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் பிசிர் வெட்டும்போது கத்தரி பட்டது. இத்தனையும் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. பார்க்காமல் பிடிப்பதற்குப் பெயர் திருட்டு.

ஜெபம் பற்றி. காலையில் சுவிட்ச் போடுவதற்கு முன்னால் நான் சம்பள நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இருக்கிற பெயர்களைச் சொல்லி ஜெபம் பண்ணுவேன். யாருக்குக் காய்ச்சல், யார் மகளுக்குப் பரீட்சை என்று அந்தப் பெயர்களே ஞாபகப்படுத்தும். இதை யூனிட் கதவு திறப்பதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களை வரிசையாக நிற்க வைத்து ஜெபம் பண்ணாதீர்கள். சம்பளம் கொடுக்கிற கை கூப்பச் சொன்னால் அவர்கள் கூப்பத்தான் செய்வார்கள்; அதில் ஆண்டவருக்கு என்ன மகிமை? யாராவது தானாக வந்து, "எனக்காக வேண்டிக்கோங்கக்கா" என்று கேட்டால் அப்போது அவர் பக்கத்திலேயே நின்று வேண்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம், எல்லாரும் தயங்கித் தயங்கிக் கேட்பது ஆயுத பூஜை. நம் யூனிட்டில் வேலை செய்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்துக்கள். மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது அவர்களுக்கு மரியாதை. நான் செய்வது இது: முந்தின நாள் மதியத்தோடு வேலையை நிறுத்தி, மிஷின் எல்லாம் துடைத்து எண்ணெய் போட ஆளுக்கு முழு ஷிப்ட் சம்பளம் கொடுத்துவிடுவேன். பொரி, கடலை, இனிப்பு நம் செலவு. பூஜையை நான் நடத்த மாட்டேன், தட்டிலும் கை வைக்க மாட்டேன். அவர்கள் தங்கள் டேபிளில் பொட்டு வைப்பதைத் தடுக்கவும் மாட்டேன். பவுல் 1 கொரிந்தியர் 8-இல் பிறருடைய மனசாட்சியைப் பற்றிச் சொன்னதை வைத்து இந்த எல்லையைப் போட்டுக்கொண்டேன். இதைவிடக் கண்டிப்பாக இருக்கிற விசுவாசிகளும் உண்டு. அவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் எந்த முடிவானாலும் முன்கூட்டியே ஆட்களிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதுதான் மோசம்.

ஊர் மாரியம்மன் நோம்பி, பண்ணாரி குண்டம் என்று லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். நாம் கிறிஸ்துமஸுக்கு மூடுகிறோம் அல்லவா? தீபாவளி போனஸ் விஷயத்திலும் "நமக்குத் தீபாவளி இல்லையே" என்ற பேச்சே வேண்டாம். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், கணக்குப் போட்டால் வருடத்தில் ஒரு மாதச் சம்பளம். துணி எடுக்க நாள் இருக்கிற மாதிரிக் கொடுங்கள்.

கடும்பேச்சைப் பற்றி எபேசியர் 6:9 போதும். எஜமான்களுக்கும் மேலே ஓர் எஜமான் இருக்கிறார் என்று அந்த வசனம் சொல்கிறது. ஷிப்மெண்ட் நெருக்கடியில் வாய் தடிக்கும்போது வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஞாயிறு. வேலைக்காரரும் நம்மைப் போலவே இளைப்பாற வேண்டும் என்று உபாகமம் 5:14 சொல்வதால், நாம் ஆராதனைக்குப் போய்விட்டு ஆட்களை மட்டும் மிஷினில் உட்கார வைப்பது பொருந்தாது. ஆனால் கம்பெனிக்காரர் சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணி, "திங்கட்கிழமை காலையில லோடு ஏத்தணும்" என்பார். அந்த நேரத்தில் மறுத்தால் அடுத்த ஆர்டர் கிடைக்காது. அதனால் வியாழக்கிழமையே நீங்கள் போன் பண்ணுங்கள். எத்தனை பீஸ் பாக்கி, எப்போது லோடு என்று கேட்டு, வெள்ளி, சனி இரண்டு நாளும் யார் ஒன்றரை ஷிப்ட் பார்க்க முடியும் என்று ஆட்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடியாதவர்களை வற்புறுத்த வேண்டாம். அப்படியும் முடியாது என்று கணக்கில் தெரிந்தால், அந்த வியாழக்கிழமையே கம்பெனிக்குச் சொல்லிப் பாதி பண்டிலை வேறு யூனிட்டுக்கு அனுப்பச் சொல்லிவிடுங்கள்.