நீண்ட சொற்களைப் பிரித்துப் படிக்கப் பழக்குவது எப்படி? இருமொழிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போருக்கு

வடசென்னையின் வகுப்பறைகளிலும் மாலை டியூஷன்களிலும், ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்து முடித்துவிட்டு, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளைக் காணலாம். வீட்டில் பேச்சுத்தமிழோ தெலுங்கோ உருதுவோ, புத்தகத்தில் எழுத்துத்தமிழும் ஆங்கிலமும் என்று வளரும் இவர்களுக்கு, ஒரு சொல் எந்தெந்த உறுப்புகளால் ஆனது, ஒவ்வோர் உறுப்பும் என்ன பொருள் தருகிறது என்று பார்க்கும் பழக்கம் வாசித்துப் புரிந்துகொள்வதற்குப் பெரிதும் துணைசெய்யும். தமிழ் ஒட்டுநிலை மொழி என்பதால், காலம், எதிர்மறை, வேற்றுமை, காரணம் ஆகியவை பெரும்பாலும் சொல்லின் பிற்பகுதியிலேயே அடுக்கப்படுகின்றன. முதல் இரண்டு மூன்று எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கும் பிள்ளை செய்தியின் பாதியை இழந்துவிடுகிறது.

பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லிலிருந்து தொடங்குங்கள். 'ஸ்கூலாண்ட', 'கடையாண்ட' என்று பேசும் பிள்ளை, ஆங்கிலச் சொல்லின் பின்னாலும் தமிழ்ச் சொல்லின் பின்னாலும் ஒரே உறுப்பைப் பிழையில்லாமல் சேர்க்கிறது. அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி, இரண்டாகப் பிரிக்கச் சொல்லி, அதன் கீழே 'பள்ளியின் அருகில்' என்று எழுதிக் காட்டலாம். தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளையிடம் 'ஸ்கூல்கி' என்பதைக் கேட்டு வாங்கி, 'பள்ளிக்கு' என்பதன் பக்கத்தில் வைக்கலாம். 'ஸ்கூலாண்ட என்று சொல்லாதே' என்று திருத்துவதைப் போலப் பயனற்றது வேறில்லை. திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், பாடமும் அத்துடன் நின்றுவிடும்.

அடுத்து ஊர்ப்பெயர்கள். வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் பேட்டை, ராயபுரத்தில் புரம், காசிமேட்டில் மேடு என்று தெருப்பலகைகளிலேயே கூட்டுச்சொற்கள் கிடைக்கின்றன. திருவொற்றியூர் இன்னும் நல்ல பாடம்: திரு, ஒற்றி, ஊர் என்று பிரித்தால், இடையில் வந்த 'வ்', 'ய்' இரண்டும் எந்த உறுப்புக்கும் உரியவை அல்ல என்பதையும், ஒலிகள் இணைய வந்தவை என்பதையும் பிள்ளை கண்ணால் காணும். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று நன்னூல் கூறும் ஆறு உறுப்புகளின் பெயர்கள் மேல்வகுப்புக்கு இருக்கட்டும். பெயரை மனப்பாடம் செய்வதால் வாசிப்பு வளர்வதில்லை.

பிள்ளைக்கு விதி தெரியுமா, அல்லது சொற்களை மட்டும் நினைவில் வைத்திருக்கிறதா என்று அறிய, இல்லாத சொல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். 1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் ஒரு கற்பனைப் பிராணியைக் காட்டி, 'வக்' என்று பெயர் சொல்லி, இரண்டு இருந்தால் என்னவென்று கேட்டார். தமிழில் 'கிலம்' என்று ஒரு பொருளைப் படமாக வரைந்து, அதற்குள் எறும்பு போனால் எப்படிச் சொல்வாய் என்று கேளுங்கள். 'கிலத்துக்குள்ள' என்று பதில் வந்தால் 'மரம்', 'மரத்துக்குள்' என்ற விதி பிள்ளையிடம் இருக்கிறது. 'கிலம்முக்குள்ள' என்று வந்தால் அங்கே வேலை இருக்கிறது.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் எதிர்மறை. 'மீன்பிடித் தடைக்காலம் முடியாததால் விசைப்படகுகள் கரையிலேயே நின்றன' என்ற வாக்கியத்தில் 'முடியாததால்' என்பதை 'முடிந்ததால்' என்று வாசித்துவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். முடி, ஆத, அது, ஆல் என்று நான்கு சீட்டுகளில் எழுதி வரிசையாக வைத்து, 'ஆத' சீட்டை எடுத்துவிட்டு அதன் இடத்தில் 'ந்த' சீட்டை வைத்தால் சொல் என்னவாகும், படகுகள் என்ன செய்யும் என்று கேளுங்கள். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதை அறிந்த காசிமேட்டுப் பிள்ளை, சொல்லைப் பார்க்காமலே சரியான விடை சொல்லிவிடும். ஆகவே சோதிக்கும்போது, 'மாமா வராததால் அவர்கள் கிளம்பினார்கள்', 'மாமா வந்ததால் அவர்கள் கிளம்பினார்கள்' என்பதைப் போல, இரண்டுமே நடக்கக்கூடிய இணைகளைக் கொடுத்து, 'மாமா வந்தாரா?' என்று மட்டும் கேட்பது நல்லது.

அதே வாரத்தில் ஆங்கிலப் பாடத்திலும் எதிர்மறையைத் தேடச் சொல்லுங்கள். அங்கே அது 'அன்ஹேப்பி' என்று முன்னாலோ 'கேர்லெஸ்' என்று பின்னாலோ நிற்கும். தமிழில் நடுவே நின்றதைப் பிள்ளையே ஒப்பிட்டுச் சொல்லட்டும். இறந்தகால விகுதியும் கவனிக்கத்தக்கது: 'வாஷ்ட்', 'கிளீன்ட்', 'பெயின்டெட்' என்று மூன்று விதமாக ஒலித்தாலும் கடைசி இரண்டு எழுத்துகள் எப்போதும் இ, டி தான். ஒலியை மட்டும் நம்பி எழுதும் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பிரிக்கப் பழகிய பிள்ளை எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்கும். 'டீச்சர்' என்பதில் 'டீச்' இருப்பதால் 'கார்னர்' என்பதில் 'கார்ன்' விற்பவர் இருக்கிறார் என்று சொல்லும். ரசித்துவிட்டு, பிரித்த பொருள் வாக்கியத்துக்குப் பொருந்துகிறதா என்று திருப்பிக் கேளுங்கள். தமிழில் இதற்கு 'காலை' என்ற ஒரு சொல்லே போதும்: 'காலைக் கழுவினான்' என்பதில் அது 'கால்', 'ஐ' என்று பிரியும், 'காலையில் கழுவினான்' என்பதில் பிரியாது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதில் கத்தரிக்கோல் வைக்கலாம் என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.